அரக்குச் சீலையும் ஆறாவது பாஷையும்

ஆறுமுகநயினாருக்கு ஐந்து பாஷை தெரியும் என்று திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது ஐந்து பாஷையிலும் துணி மட்டும்தான். இந்துஸ்தானியில் குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். ‘சாயம் போகாது’ என்று சொல்லச் சொன்னால், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற மாதிரி சொல்வார். மலையாளம், கொங்கணி, இங்கிலீஷ் எல்லாம் இதே கதைதான். தாய்மொழியான தமிழிலேயே, பேச்சு துணியை விட்டு நகர்ந்துவிட்டால் மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குற்றாலலிங்கம் பிள்ளையின் ஜவுளிக்கடையில் பதினான்கு வருஷமாக அவருக்கு அடுத்து உட்கார்ந்து துணி கிழிக்கிறவன் நான், அழகியநம்பி. ஆரியசாலைக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்முவோம்.

நயினார் கோட்டாறுக்காரர். பதினெட்டு வயதில் பஸ் ஏறாமல், துணிமூட்டை வந்த மாட்டு வண்டியிலேயே மூட்டையோடு மூட்டையாக வந்து கடையில் சேர்ந்தவர். எதிரே நிற்கிற பெண்ணை ஒரு பார்வை பார்த்தால் ரவிக்கைக்கு எத்தனை கெஜம் என்று சொல்லிவிடுவார். கெஜக்கோல் பிறகு அதை ஒத்துக்கொள்ளும்.

எங்கள் கடைக்குத் தெருவிலிருந்து மூன்று படி. மேலே வெள்ளை விரித்த மெத்தை, அதில் நாங்கள். எதிரே ஒரு நீளப் பெஞ்சு, அதில் வாங்க வருகிறவர்கள். அந்த மூன்று படியைப் பற்றி முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. சிப்பந்திகளின் பெண்டாட்டிமார் அதில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் எங்கள் கை தாராளமாகி, முழம் தானாக நீண்டுவிடும் என்பது அவர் பயம். அதற்குப் பதிலாகத் தீபாவளிக்குத் தீபாவளி அவரே எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சீலை எடுத்துக் கொடுப்பார். தங்கமான மனுஷன், நாக்கில் நரம்பில்லாமல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுப்பது எப்போதும் அரக்கு நிறம். அதில்தான் அழுக்குத் தெரியாதாம்.

எங்கள் வரிசை வீடுகளில் கொடியில் காய்வதெல்லாம் அரக்கு. எது நயினார் மனைவி பொன்னம்மையுடையது, எது என் வீட்டுக்காரி முத்தாரம்மாளுடையது என்று தெரியாமல் மாறிக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்த நாளும் உண்டு. முத்தாரம்மாள் இதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டாள். பொன்னம்மை விடுகிற ஜாதியில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பதினோரு அரக்கு. அப்பளம் இட்டு வீடு வீடாகக் கொடுத்துச் சம்பாதிக்கிறவள் அவள். வேறு கடையில் போய் ஒரு சீலை வாங்க அவளால் முடியாதா என்ன? ஆனால் ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டி அடுத்த கடையில் சீலை எடுத்தால் வீதி சிரிக்கும். அதனால் அவளுடைய ஆசை அந்தப் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. தன் புருஷன் எதிரே உட்கார வேண்டும், பத்துச் சீலையைப் பிரிக்கச் சொல்லிப் பத்தையும் வேண்டாம் என்று தள்ள வேண்டும், பதினோராவதாக ஒரு கிளிப்பச்சையை எடுக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மிதுன மாத மழையில், அதாவது நம் ஆனியில், இரண்டு கன்னியாஸ்திரிகள் கடைப்படி ஏறினார்கள். ஒருவர் குண்டு, சிரித்த முகம். நாங்கள் பெரிய மதர் என்று பேர் வைத்துவிட்டோம். மற்றவர் சின்னப் பெண். வெள்ளைத்தோலைப் பார்த்ததும் நயினார் தன் இங்கிலீஷை அவிழ்த்தார். அவர்களுக்கு அது ஏறவில்லை. மலையாளத்தை அவிழ்த்தார், அதற்கும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். பிறகு துணியை அவிழ்க்கத் தொடங்கினார். அரைக் கடை மெத்தையில் கிடந்தது. பெரிய மதர் ஏதோ கேட்டார், கையை விரித்தார், நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிந்தார், போய்விட்டார். அவர்கள் ஸ்பெயின் தேசத்தார் என்றும், மலையாளம் தெரிந்த மூன்றாமவர் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறார் என்றும் அவர்களைக் கொண்டுவந்த குதிரைவண்டிக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. கடற்கரைப் பக்கம் அறுபது அனாதைப் பெண்களை வைத்து ஒரு மடம் தொடங்குகிறார்களாம். அறுபது பேருக்கும் வருஷம் முழுவதும் துணி வேண்டும்.

முதலாளிக்கு வெற்றிலை இறங்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அங்கலாய்த்தார். நயினாரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

“வேய் நயினாரே, அவியளை நம்ம கடைக்குப் பிடிச்சுத் தாரும். நீரு கேக்கதைத் தாரேன். குற்றாலலிங்கம் சொன்னா சொன்னதுதான்.”

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இதே செய்தி போனது. நயினார் சம்பள உயர்வு கேட்கலாமா, லீவு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, பொன்னம்மை அப்பளக்குழவியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“கேட்டியளா, சம்பளம் எப்பவும் கேட்டுக்கிடலாம். நான் படியேறி வந்து பெஞ்சுல இருந்து எனக்கு ஒரு சீலை நானே எடுக்கணும். அதைக் கேளுங்கோ. அது மதி எனக்கு, வேற ஒண்ணும் வேண்டாம்.”

நயினார் சரி என்றார். சொல்லிவிட்டாரே தவிர, ஸ்பானிஷுக்கு எங்கே போவார்? திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்க நூறு பேர் உண்டு. இதற்கு ஆள் இல்லை. தேடிப்போன மூலிகைக்கொடி காலில் சுற்றிய மாதிரி, அது பழைய காகிதக் கட்டில் வந்து சேர்ந்தது. சின்னத் துண்டுகளைப் பொதிந்து கொடுக்க நாங்கள் பழங்காகிதம் எடைக்கு வாங்குவோம். பக்கத்துப் பலசரக்குக் கடையும் அதே ஆளிடம்தான் வாங்கும். ஒரு கட்டில் அட்டை இல்லாத, முன்னும் பின்னும் இல்லாத புத்தகம் ஒன்று. இங்கிலீஷ்காரன் ஸ்பெயினுக்குப் போனால் என்ன பேச வேண்டும் என்று ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் ஸ்பானிஷ், அதை உச்சரிக்கும் விதம் வேறு. ஹோட்டலில் சாப்பிடுகிற பாடமும் ரயிலில் போகிற பாடமும் பலசரக்குக் கடையில் கடுகு பொதிந்து எப்போதோ போய்விட்டன. மிஞ்சியது பதினாறு பக்கம்: துணிக்கடையில் துணி வாங்குவது எப்படி.

நயினார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் காட்டினார். நாலாம் பாரம் வரை படித்தவன் என்கிற உரிமையில் நானும் புரட்டிப் பார்த்து, ஒரு குறை சொன்னேன்.

“அண்ணாச்சி, இதுல உள்ளதெல்லாம் வாங்க வாரவன் பேச்சுல்லா. விக்கவன் பேச்சு ஒரு வரி கூட இல்லியே.”

“அவியோ கேக்கது நமக்குப் புரிஞ்சா மதி, நம்பி. பதில் துணி சொல்லும்” என்றார்.

நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. அன்று முதல் ஆறு வாரம், சாயங்காலம் விளக்கேற்றினால் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின் தேசம். நயினார் வழக்கம்போல் கடைக்காரராகவே உட்காருவார். பொன்னம்மை வாங்க வந்தவள். அவர் ஒரு வரி படித்துக் காட்டி அர்த்தம் சொல்ல, அவள் அதைத் திருப்பிச் சொல்ல, அவள் சொல்வதைக் கேட்டு அவர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. புவெனோஸ் தியாஸ் என்றால் வணக்கம். கியேரோ கொம்ப்ரார் என்றால் வாங்க வேண்டும். குவான்தோ குவெஸ்தா, என்ன விலை? எஸ் முய் காரோ, விலை ரொம்ப ஜாஸ்தி. பராதோ, மலிவு. ஓத்ரோ கொலோர், வேறு நிறம் காட்டு. மே லோ யேவோ, இதை எடுத்துக்கொள்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத பொன்னம்மைக்கு நாலு நாளில் எல்லாம் வந்துவிட்டது. நயினாருக்கு வாரம் நாலு ஆயிற்று. அவள் திருத்துவாள், அவர் கோபிப்பார். அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது ‘நோ மே குஸ்தா’, பிடிக்கவில்லை. கத்தரிக்காய்க்காரியிடம் அதைச் சொன்னாள். ரசத்தை ருசி பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவர் வழியாக அது எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் நான் வாங்கிப்போன வாழைக்காயைப் பார்த்து முத்தாரம்மாளும் அதையே சொன்னாள், கேட்டுக்கொண்டேன்.

ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால், கடை நிறையக் கூட்டமாக இருந்த ஒரு மதியம், பெரிய மதர் மறுபடி வந்தார். சின்ன மதரும் கூட. நயினார் நிமிர்ந்து உட்கார்ந்து, “புவெனோஸ் தியாஸ்” என்றார். அவ்வளவுதான், பெரிய மதரின் முகம் மலர்ந்தது. கடல் கடந்து வந்து எத்தனை மாதமாக வெளி ஆள் வாயில் தன் பாஷை கேட்காமல் இருந்தாரோ, மடை திறந்த மாதிரி பேசத் தொடங்கினார். நான் நயினாரைப் பார்த்தேன். ஆறு வாரம் படித்ததில் ஒரு சொல் கூட அந்த வெள்ளத்தில் மிதந்து வரவில்லை என்று முகமே சொல்லியது. மதர் பேசி முடித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். கடை முழுவதும் காத்திருந்தது. நயினார் கையில் எங்கள் முதல்தரமான லாங்கிளாத் என்கிற வெள்ளைத் துணி இருந்தது. அதை உயர்த்திப் பிடித்து, வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

“எஸ் முய் காரோ.”

எங்கள் துணியை எங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு, விலை ரொம்ப ஜாஸ்தி என்று வாங்க வந்தவரிடமே சொல்கிறார். முதலாளியோ பெருமை தாங்காமல் பக்கத்து ஆளை இடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மதர் துணியைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார். நயினாரின் நெற்றி வியர்த்து, “குவான்தோ குவெஸ்தா” என்று அடுத்த வரியும் வந்து விழுந்தது. அப்போது மதருக்குப் பிடிபட்டது. அவர் சிரித்த சிரிப்பில் மார்பில் தொங்கிய சிலுவை குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை நீட்டிக் கெஜக்கோலைக் கேட்டு வாங்கினார். லாங்கிளாத்தை அவரே விரித்து, தட்டிக் காட்டி, “நோ, நோ, பராதோ” என்றார். கடைக்காரியாகிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் இத்தனை வருஷத்தில் வேறு எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. மதர் துணியை எடுத்துக் காட்டுகிறார், நயினார் வாங்குகிறார். பதினாறு பக்கமும் தண்ணீர்பட்ட பாடாக வருகிறது. நீலக்கட்டம் ஒன்றை மதர் காட்டினார். நயினார் தடவிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்றார். மதர் அதை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டார். பிறகு சிவப்புப் பூப்போட்ட சீட்டித் துணி ஒன்றை உருவினார். அது எங்கள் கடையில் இரண்டு வருஷமாகக் கிடக்கிற சனியன். ஒரு தண்ணீருக்குப் பூ எல்லாம் வெளியே வந்துவிடும். அதைச் சாயம் போகாது என்று நயினார் ஐந்து பாஷையில் சொல்லி விற்றிருக்கிறார், பக்கத்தில் இருந்து நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆறாவது பாஷையில் அந்தப் பொய் அவருக்குத் தெரியாது, புத்தகத்தில் இல்லை. வாங்குகிறவன் வாயில் இருப்பதுதான் அவர் வாயிலும் இருந்தது.

“நோ மே குஸ்தா” என்று சொல்லி, கையால் தள்ளிவிட்டார்.

மதர் சிரிப்பதை நிறுத்தி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு நயினார் எடுத்துக்கொண்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு, அவர் தள்ளியதை எல்லாம் தள்ளிவிட்டு, அறுபது பெண்களுக்கும் துணி வாங்கினார். குதிரைவண்டி இரண்டு நடை போயிற்று. இனிமேல் எங்கும் போகப்போவதில்லை என்பதை எங்களுக்குப் புரியவைக்க, இறங்கும்போது நயினாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கு அன்று அந்த மனுஷன் மேல் ஒரு மரியாதை வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது.

முதலாளி அந்த இடத்திலேயே இன்னொரு சட்டம் போட்டார். “எல்லாரும் கேட்டுக்கிடுங்கோ. இந்தப் பாஷை பேசிக்கிட்டு இனி ஆரு இந்தப் படி ஏறினாலும் நயினாருதான் காட்டணும். ஒருத்தரும் இடையில போகாண்டாம்.” பிறகு நயினாரிடம் திரும்பி, கேளும் என்றார்.

நயினார் வாயைத் திறந்தார். பொன்னம்மையை ஞாபகப்படுத்த நான் அவர் தொடையைக் கிள்ளினேன். பேச்சு துணியை விட்டு நகர்ந்துவிட்டதல்லவா, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் வேண்டாம், ஒங்கள் ஆசீர்வாதம் மதி என்று முனகினார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷனா என்று உருகி, தீபாவளிக்குக் காத்திருக்காமல் தன் கையாலேயே அவர் வீட்டுக்கு ஒரு நல்ல சீலை எடுத்துக் கொடுத்தார். என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை வரும் என்று நானும் முத்தாரம்மாளும் காத்திருந்தோம். அப்பளக்குழவி உருளுகிற சத்தம்தான் வந்தது. அதன் நடுவே பொன்னம்மை, “இது பன்னெண்டாவது” என்றாள். நயினார் ஏதோ சமாதானம் சொன்னார். கடையில் நடந்ததையும் முதலாளி போட்ட சட்டத்தையும் விஸ்தாரமாகச் சொன்னார். அவள் அந்தச் சட்டத்தை மட்டும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பொன்னம்மை தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, மூன்று படியையும் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மெத்தையில் இருந்த ஒருவர் கையும் அசையவில்லை. நயினார் கெஜக்கோலைக் கீழே வைத்தார். முதலாளி கல்லாப் பெட்டியடியிலிருந்து எழுந்தார். அவருக்கு அவளைத் தெரியும். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் பார்க்காத வெள்ளிக்கிழமை இல்லை. என்ன காரியம் என்று அவர் கேட்க வாயெடுக்கும் முன்பு, அவள் யாரையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“புவெனோஸ் தியாஸ். கியேரோ கொம்ப்ரார்.”

முதலாளி எழுந்தது எழுந்தபடி நின்றார். அவளைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் போட்ட பழைய சட்டமும் புதுச் சட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. குற்றாலலிங்கம் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவரே. மெதுவாக உட்கார்ந்தார்.

“வேய் நயினாரே, கிராக்கி வந்து இருக்குல்லா. காட்டும்” என்றார்.

நயினார் காட்டினார். முதல் சீலையை மடிப்புத் தவறிப் பிரித்தார். மூன்றாவதில் கை வழிக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் பிரித்த அழகைச் சொல்லி முடியாது. ஒவ்வொன்றையும் உதறி, முந்தியைத் தோளில் போட்டுக்காட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, திவான் வீட்டு அம்மாவுக்குக் கூட அவர் அப்படிக் காட்டியதில்லை. அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, ஓத்ரோ கொலோர் என்றாள். ஊதா போயிற்று, மஞ்சள் போயிற்று, மாந்துளிர் போயிற்று. கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டார்கள். ஒன்பதாவது தள்ளப்பட்டதும் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. எட்டி ஒரு சீலையை உருவி மெத்தையில் போட்டார். அரக்கு.

“இதைக் காட்டும், நல்ல உருப்படி” என்றார்.

பொன்னம்மை அதைத் தொடவில்லை. முதல் தடவையாக முதலாளியை நேராகப் பார்த்தாள்.

“நோ மே குஸ்தா.”

கத்தவில்லை, முறைக்கவில்லை. பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை மெதுவாக இறக்கி வைத்தாள், அவ்வளவுதான். முதலாளி என் பக்கம் குனிந்து, என்ன சொல்லுகா என்று கேட்டார்.

“பிடிக்கல்லையாம், மொதலாளி.”

“ஒரு நாளும் பிடிக்கல்லியாமா?”

“அது புஸ்தகத்துல இல்ல மொதலாளி. ஆனா அப்படித்தான் எனக்குத் தோணுது.”

அவர் அந்த அரக்கைத் தானே மடித்து எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குள் நயினார் எழுந்து, உயரத் தட்டில் கை விட்டு, கடைசியில் மறைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்துவந்து விரித்தார். கிளிப்பச்சை, மாம்பழக் கரை. அது அங்கே எத்தனை நாளாக ஒளிந்திருந்தது என்று எனக்கே தெரியாது. ஆறு பாஷைக்காரர் துணியையே பேசவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பொன்னம்மை முந்தியை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, அவர் கண்ணும்தான்.

“மே லோ யேவோ” என்றாள்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த அப்பளக் காசை அவிழ்த்து, ஒரு சல்லி குறைக்கச் சொல்லாமல் வைத்தாள். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “கிராசியாஸ்” என்று பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டு, மூன்று படியையும் நிதானமாக இறங்கினாள். நயினார் அவள் தள்ளிய சீலைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். ஒன்பது சீலையை அவ்வளவு சந்தோஷமாக மடித்த ஆளை நான் பார்த்ததில்லை.

முதலாளி வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“வேய் நம்பி, ஒம்ம வீட்டுக்காரிக்கு என்ன பாஷை தெரியும்?”

“தமிழ்தான் மொதலாளி. கொஞ்சம் மலையாளம்.”

“அது மதி. வரச் சொல்லும்.”

நான் தெருவைப் பார்த்தேன். எதிர் வளையல்கடையில் காலையிலிருந்து ஒரு வளையலும் வாங்காமல் நின்றுகொண்டிருந்த முத்தாரம்மாள், பொன்னம்மையின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.